கிடர்பூர் ஜீப்பும் கழலாத கையும்

நான் மெக்கானிக்கல் டிப்ளமோவில் முதல் வகுப்பில் தேறியவன். எங்கள் குடும்பத்தில் யாரையாவது சந்தித்தால் தயவுசெய்து இதைச் சொல்லிவிடாதீர்கள். சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு, உங்களை உட்கார வைத்து அந்த ஜீப் கதையைச் சொல்வார்கள். அவர்கள் சொல்கிற கதையில் நான் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் முட்டாளாக இருப்பேன். ஆகவே நானே சொல்லிவிடுவதுதான் எனக்கு நல்லது.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் வேலையில்லாமல் அம்மா கையால் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைக் கல்கத்தாவுக்கு ரயிலேற்றி விட்டார்கள். அக்கா அங்கே கிடர்பூரில், துறைமுக அதிகாரிகள் குடியிருப்பில் இருந்தாள். நிறைமாதம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும், ஆனால் அதற்கு முந்தைய வருடம் ஒரு கரு கலைந்திருந்ததால் இரண்டு நாள் ரயில் பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா கொஞ்ச நாள் கழித்துத்தான் வர முடியும். அதுவரை துணைக்கு நான்.

"அக்காவப் பாத்துக்கோலே. உன்னய நம்பித்தான் இருக்கேன்" என்றாள் அம்மா, ஸ்டேஷனில். (பெற்ற தாய்க்குக்கூட என்னைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.)

அத்தான் அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தாலும் பேசமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றினாலே நான் அந்த அறையை விட்டு நழுவிவிடுவேன். அவருக்கு ஒரு ஜீப் இருந்தது. ராணுவம் கழித்துக்கட்டியதை ஏலத்தில் எடுத்த வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும், நான்கு தெருவுக்கும் சத்தம் கேட்கும். என்னைவிட வயதில் மூத்தது.

அந்த வண்டி அவருக்கு அப்போது வெறும் ஆசை வண்டி இல்லை. முந்தைய மழைக்காலத்தில் அக்காவை டாக்டரிடம் கொண்டுபோன நாளில் கிடர்பூர் முழுக்கத் தண்ணீர். பாதி வழியில் என்ஜினுக்குள் தண்ணீர் ஏறி ஜீப் நின்றுவிட்டது. டாக்ஸிக்காரர்கள் யாரும் தெருவுக்குள் இறங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். அன்றைக்குத்தான் அந்தக் கரு கலைந்தது. தாமதத்தால்தானா என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் இல்லையென்றுதான் சொன்னார். அத்தான் அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இந்த மழைக்கு முன்னால் ஜீப்பை ஒரு சாண் உயர்த்தியே தீருவது என்று முடிவு செய்துவிட்டார். நர்ஸிங் ஹோம் கொஞ்சம் தள்ளி, பாலிகஞ்சில். நாள் குறித்திருந்தது ஜூலைக் கடைசியில். தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் வண்டி போக வேண்டும்.

வேலையை ஒப்படைத்தது நிமாய்-தாவிடம் ('தா' என்றால் அண்ணன்). கிடர்பூரில் லாரிக்கும் தேலாவுக்கும் (கைவண்டியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வேலை பார்க்கிற மிஸ்திரி. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். வாயில் எப்போதும் பான். அத்தானோடு பல வருடப் பழக்கத்தில் 'சரி', 'வாங்க', 'தண்ணி' என்று மூன்று நான்கு தமிழ்ச் சொற்கள் அவருக்குத் தெரியும். எனக்கு வங்காள மொழியில் அதைவிடக் குறைவாகத் தெரியும்.

"மாப்ளே, நீயும் கூட நின்னு பாத்துக்கோ. டிப்ளமோ படிச்சவன்லா" என்றார் அத்தான். பார்த்துக்கொள் என்றுதான் சொன்னார். செய் என்று சொல்லவில்லை. இதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

மூன்று நாள் ஒழுங்காகப் போயிற்று. நிமாய்-தா ஸ்பிரிங் பட்டைகளை மாற்றினார், ஜீப் நிமிர்ந்து நின்றது. மிச்சம் ஒரே ஒரு வேலை. ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து ஒரு இரும்புக் கை தொங்கும். டிராப் ஆர்ம் என்பார்கள். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அந்தக் கை முன்னும் பின்னும் ஆடி, ஒரு கம்பியைத் தள்ளி, சக்கரங்களைத் திருப்பும். வண்டியை உயர்த்திவிட்டால் அந்தக் கம்பி சாய்ந்துவிடும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் பழைய கையைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நீளமான, வளைந்த கையைப் போட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். புத்தகத்தில் இது இரண்டு வரி.

அந்தப் பழைய கை கழலவில்லை. ராணுவத்தில் யாரோ ஒரு புண்ணியவான் மாட்டியது. அதன்பிறகு அதை யாரும் தொட்டதே இல்லை. நட்டைக் கழற்றவே அரை நாள் ஆயிற்று. அப்புறம் நிமாய்-தா புல்லரை மாட்டினார். இரண்டு கொக்கிகள் கையைப் பிடித்துக்கொள்ளும், நடுவில் ஒரு போல்ட், கை மாட்டியிருக்கிற தண்டை அழுத்தும். முறுக்க முறுக்கக் கை வெளியே வர வேண்டும். முறுக்கினார். நெற்றி நரம்பு புடைக்க முறுக்கினார். புல்லர் கிரீச்சென்றது, கை அசையவில்லை. மண்ணெண்ணெயை ஊற்றினார். எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, வாயெல்லாம் பானோடு சொன்னார்:

"தாக், தாக். ஹாத் தியோ நா."

சொல்லிவிட்டு எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார்.

இங்கே நீங்கள் என் நிலைமையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 'ஹாத்' என்றால் கை என்று எனக்குத் தெரியும். 'தாவ்' என்றால் கொடு என்று கடைத்தெருவில் கற்றிருந்தேன். ஆக, 'கை கொடுப்பா' என்கிறார். முதலில் சொன்ன சொல்லோ எனக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லாத சொல். தாக்கு! பாவம், எனக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போகிறார். மனுஷனுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நெகிழ்ந்தே போனேன்.

சம்மட்டியை எடுத்தேன். கழற்றி வைத்த முன்சக்கரத்தின் இடத்தில் குந்தினேன். முதல் அடி சும்மா லேசாக, புல்லரின் போல்ட் தலையில். 'டங்' என்றது. டீக்கடையிலிருந்து நிமாய்-தாவின் குரல் வந்தது:

"தாக்! தாக்!"

தாக்குகிறேன் அண்ணே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இரண்டாவது அடி, இன்னும் பலமாக. கிளாஸ் உடைகிற சத்தம் கேட்டது. நிமாய்-தா தெருவின் குறுக்கே ஓடி வருகிறார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, ஒரு சைக்கிள்காரர் மேல் மோதி, அலறிக்கொண்டு வருகிறார்:

"தாக்! தாக்! தாக்! ஆரே தாக்!"

இவ்வளவு உற்சாகப்படுத்துகிற ஒருவரை நான் அதற்கு முன்னால் வாழ்க்கையில் பார்த்ததில்லை. என் டிப்ளமோவையும் முதல் வகுப்பையும் மொத்தமாகத் திரட்டி, கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவது அடி.

புல்லர் பிய்த்துக்கொண்டு பறந்தது. என் வலது காதோரம் காற்றுப் போனது தெரிந்தது. பின்னால் வாளி ஒன்று செத்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் டிராப் ஆர்ம் அங்கேயேதான் இருந்தது, ஒரு நூல் அசையாமல். தண்டுதான் உள்ளே போய்விட்டது. ஸ்டீயரிங் பாக்ஸின் பக்கவாட்டு மூடி பிளந்து, கறுப்பாக எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

"ஏலே, என்ன சத்தம் அங்க?" வீட்டுக்குள்ளிருந்து அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. வேல முடிஞ்சிருச்சு."

நிமாய்-தா தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக எழுந்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தார். அது வழுவழுவென்று சுற்றியது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும், எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றியது. சக்கரங்களுக்கு அந்த விஷயமே தெரியாது. என் உள்ளங்கை வேர்த்து சம்மட்டி நழுவிக் காலில் விழுந்தது. வலிக்கவில்லை. வலி தெரிகிற நிலையில் நான் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். அக்கா ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் சோறு போட்டாள். சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"அக்கா, இந்த ஊர்ல 'தாக்'னா என்னக்கா?"

"போதும், விட்டுருன்னு அர்த்தம். இப்ப நான் சோறு வைக்கேன்லா, நீ போதும்னா 'தாக்'னு சொல்லணும்."

"ஓ. 'ஹாத் தியோ நா'ன்னா?"

"தொடாதேன்னு. எதுக்குக் கேக்கே?"

"சும்மாதான்" என்றேன். முறுக்கி வைத்த புல்லரை அப்படியே விட்டிருந்தால், மண்ணெண்ணெய் உள்ளே இறங்கி, டீ குடித்து முடிப்பதற்குள் கை தானாகவே கழன்றிருக்கும். அதைத்தான் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். அதுவும் ஏழெட்டுத் தடவை.

அன்று சாயங்காலம் நிமாய்-தாவும் நானும் கைஜாடையில் ஒரு சதித்திட்டம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக் கடையிலிருந்து வேறு ஸ்டீயரிங் பாக்ஸ் கொண்டுவந்து மாட்டிவிடுவது. அதுவரை மூச்சு விடுவதில்லை. சக்கரத்தை மாட்டி, எண்ணெயைத் துடைத்து, பிளந்த மூடியின் மேல் சேறு பூசி (இது என் சொந்த யோசனை), ஜீப்பை ஜம்மென்று நிறுத்திவைத்தோம். அன்றைக்கு வியாழக்கிழமை.

அத்தான் வந்து பார்த்தார். சுற்றி வந்தார். எனக்குத் தெரிந்து முதல்முறையாகச் சிரித்தார். "ஜம்முனு நிக்குது மாப்ளே. ஒரு ரவுண்டு போலாமா?"

"வேண்டாம் அத்தான்!" நான் கத்திய கத்தலில் காக்கைகள் பறந்தன. "நிமாய்-தா ஞாயித்துக்கிழம வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னுட்டார். ஸ்பிரிங் படியணுமாம்."

நம்பிவிட்டார். என்னை, என் டிப்ளமோவை, எல்லாவற்றையும் நம்பிவிட்டார். உள்ளே போய் ஒரு முக்காலி எடுத்துவந்து போட்டு, அக்காவை மெதுவாக ஏறச்சொல்லி ஒத்திகை பார்த்தார். அக்கா ஏறி உட்கார்ந்து, "இனி வெள்ளம் வந்தா வரட்டும்" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நூறு தடவை வாயைத் திறந்தேன். திறந்த வாயைப் பார்த்து அக்கா, "பசிக்காலே?" என்று நூறு தடவை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. விட்டுவிட்டுப் பெய்கிற நாகரிகமெல்லாம் இல்லாத மழை. சனிக்கிழமை விடியும்போது வாசலில் முழங்கால் அளவுத் தண்ணீர். பத்து மணிக்கு அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு, "என்னங்க, இடுப்பு ஒரு மாதிரி வெட்டி இழுக்கு" என்றாள். எனக்கும் எங்கேயோ வெட்டி இழுத்தது.

அத்தான் பதறவே இல்லை. அதுதான் பயங்கரம். இந்த நாளுக்காகத் தயாராக இருந்த மனிதர் அவர். பையை எடுத்தார், குடையை எடுத்தார், அக்காவைத் தாங்கலாக நடத்திப்போய் முக்காலியில் ஏற்றி ஜீப்பில் உட்கார வைத்தார். தண்ணீருக்கு மேலே கம்பீரமாக நின்றது ஜீப். சாவியைத் திருப்பினார். சனியன், ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது. வாழ்க்கையில் அந்த ஒரு நாளாவது அது மக்கர் பண்ணியிருக்கக் கூடாதா?

எதிரே நாற்பதடியில் தெரு வளைகிறது. வளைவுக்கு நேரே பெரிய சாக்கடை. தண்ணீர் நிற்பதால் சாக்கடை எது, தெரு எது என்று தெரியாது. வண்டி வளையாது. அக்கா உள்ளே இருக்கிறாள். இதெல்லாம் எனக்கு மட்டும் தெரியும். குரல் வரவில்லை, சத்தியமாக வரவில்லை. அத்தான் கியரைப் போட்டார்.

நான் ஓடிப்போய் ஜீப்புக்கு முன்னால் கையை அகல விரித்துக்கொண்டு நின்றேன். கால் வழுக்கி பானெட்டின் மேல் நெஞ்சு அடிக்க விழுந்தேன். அப்போதுதான் குரல் வந்தது. "அத்தான்! வேண்டாம் அத்தான்! ஸ்டீயரிங் இல்ல அத்தான்!"

"என்னது?"

"இருக்கு. ஆனா இல்ல. நான்தான் உடைச்சுட்டேன்!"

அத்தான் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். அது சுற்றியது. இன்னொரு தடவை திருப்பினார். ரங்கராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டே போயிற்று. என்ஜினை அணைத்தார். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க அவர் மேல் ஈரமில்லாத துணியே இல்லை. வெறுமனே கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் பயந்துபோய் அன்றைக்குத்தான் பார்த்தேன். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சாப்பிடையில 'தாக்'னா என்னன்னு கேட்டானே, அப்பவே எனக்குச் சந்தேகம்" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. "பாவிப்பயலே. அழாத. அழுதுட்டு நிக்காத, என்ன இறக்கு. வேற வழியப் பாரு."

வேறு வழி தண்ணீருக்குள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நிமாய்-தா ஒரு தேலாவை இழுத்துக்கொண்டு வந்தார். மழையைப் பார்த்ததுமே கிளம்பியிருக்கிறார். ஜீப் ஓடாது என்று தெரிந்த இன்னொரு ஆத்மா உலகத்தில் அவர்தானே. பலகையின் மேல் தார்ப்பாயும் வைக்கோலும்கூடப் போட்டிருந்தார்.

வீட்டிலிருந்து மெத்தையைக் கொண்டுவந்து விரித்து அக்காவைப் படுக்க வைத்தோம். முன்னால் அத்தானும் நிமாய்-தாவும் இழுக்க, நான் பின்னால் தள்ளினேன். ஒரு கையில் குடையை அவள் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு தள்ளியதில் குடைத் தண்ணீர் முழுவதும் அவள் முகத்தில்தான் விழுந்தது. "குடையத் தூரப் போடுலே!" என்றாள். போட்டேன். அது மிதந்து எங்களைவிட வேகமாகப் போனது.

கொஞ்ச தூரத்தில் நிமாய்-தா நின்றார். தண்ணீர் வடிவதற்காக யாராவது சாக்கடை மூடியைத் திறந்து வைத்திருப்பார்கள், வழக்கமாக அடையாளத்துக்கு ஒரு மரக்கிளையைச் சொருகியிருப்பார்கள், இன்றைக்குக் கிளை எங்கே மிதந்ததோ தெரியாது என்று அத்தான் சொன்னார். யாராவது முன்னால் போய்க் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். யார் போவது என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு மூங்கிலைக் கொடுத்தார்கள். இடுப்பளவுக் கறுப்புத் தண்ணீரில், ஒவ்வொரு அடிக்கும் மூங்கிலைக் குத்தி, தரை தட்டினால் ஒரு அடி, மறுபடி குத்தி, ஒரு அடி. பின்னால் அக்காவின் முனகல். ஒரு இடத்தில் மூங்கில் தரை தட்டவே இல்லை. உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கையை விட்டால் அதுவும் போயிருக்கும். அங்கேயே நின்று 'ஐயோ, அம்மா' என்று வாய்விட்டு அழுதேன். தேலாவை ஓரமாக வளைத்துக் கொண்டுபோனார்கள். நிமாய்-தா அக்காவிடம், "போய் நேய் தீதி, போய் நேய்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். (பயமில்லை அக்கா என்று அர்த்தமாம். எனக்குத்தான் அன்றைக்கு அது மிகவும் தேவைப்பட்டது. என்னிடம் யாரும் சொல்லவில்லை.)

மேட்டுச் சாலை வந்ததும் டாக்ஸி கிடைத்தது. அக்கா பின்சீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலி வரும்போதெல்லாம் விரல் எலும்பு நொறுங்குகிற மாதிரி நெரித்தாள். வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக நெரித்தாளோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

நர்ஸிங் ஹோம் வாசலில் நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தாள். எதிரே அக்கா, நனைந்திருந்தாலும் தன் காலில் நின்றுகொண்டிருக்கிறாள். பக்கத்தில் நான்: சேறும் எண்ணெயும் அப்பி, முகம் வெளுத்து, பல் கிடுகிடுக்க, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு. நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேஷன்ட் கே?" என்றாள். நோயாளி யார்?

அக்கா என்னைக் கைகாட்டினாள். அந்த வலியிலும் காட்டினாள். சரியாக அதே நேரத்தில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்ட்ரெச்சரில் நான்தான் போனேன். அக்கா பின்னாலேயே நடந்து வந்தாளாம்.

நான் கண் விழித்தபோது பக்கத்தில் அத்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். "பொண்ணு" என்றார். "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க." அப்புறம், "உனக்கு எப்படி இருக்கு?" என்றார். நான் அவர் காலைப் பிடிக்கப் போனேன். மறுபடி தலை சுற்றி, கட்டிலிலிருந்து விழுந்தேன்.

அந்தக் குழந்தைக்கு இப்போது கல்யாண வயது. என்னிடம் அவள் பேசும் தமிழில் பாதி வங்காளம்தான். அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் காலையில் முதல் போன் அவளிடமிருந்து எனக்கு வரும். நான் அவளை வாழ்த்த முடியாது, அதற்குள் அவள் முந்திக்கொள்வாள். "மாமா, சுகப்பிரசவம்தானே? இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்பாள். பின்னால் அக்காவும் அத்தானும் சிரிப்பது கேட்கும்.

நானும் சிரித்துவிட்டு, வருடம் தவறாமல் ஒரே பதிலைச் சொல்வேன்: "உடம்பு தேவலம்மா. பயம்தான் இன்னும் போகல." அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஜோக்குக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.